மலைப்பாதையில் ஓடும் காருக்குப் பெயின்ட் பாதுகாப்பு பிலிம்: சில ஆண்டு அனுபவம்

கோத்தகிரியில் வசித்துக்கொண்டு அடிக்கடி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஏறுபவருக்கு பெயின்ட்டின் மேல் ஒட்டும் பிபிஎஃப் எனப்படும் நிறமற்ற பாதுகாப்பு பிலிம் தேவையா என்று கேட்டால், சமவெளியில் மட்டும் கார் ஓட்டுபவர்கள் சொல்லும் பதில் பொருந்தாது. இங்கே பெயின்ட்டைக் கெடுக்கும் காரணங்களும் வேறு, பிலிமைக் கெடுக்கும் காரணங்களும் வேறு. என்னுடைய வெள்ளைக் காரின் முன் பம்பர், பானட், முன் ஃபெண்டர்கள், பக்கக் கண்ணாடிகளின் உறை, நான்கு கதவுகளின் கீழ்ப்பாதி, கதவுகளுக்கு அடியில் ஓடும் சில் பகுதி, பின்சக்கர வளைவின் ஓரம் ஆகியவற்றுக்குக் கார் புதிதாக இருந்தபோதே கோவையில் பிலிம் ஒட்டினேன். கூரையையும் டிக்கியையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பல பருவமழைகளைக் கண்ட பிறகு எழுதுகிறேன்.

இந்த பிலிம் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்ற நெகிழும் பொருளால் ஆனது. பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். காரின் மொத்தப் பெயின்ட்டே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான் என்பதையும், அதில் மேலே உள்ள, கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு 40, 50 மைக்ரானைச் சுற்றியே இருக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், இது வெறும் மெருகுப் பூச்சு அல்ல, அடியை வாங்கிக்கொள்ளும் தோல் என்பது விளங்கும். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளைக் காக்கப் பயன்பட்ட பிலிமின் வழியில் வந்ததுதான் இது. ஓரிரு மைக்ரான் தடிமனே உள்ள செராமிக் கோட்டிங்கை இதற்கு மாற்றாகச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். செராமிக் கோட்டிங் தண்ணீரை உருட்டிவிடும், கழுவுவதை எளிதாக்கும். ஆனால் கல்லடியைத் தடுக்காது.

மழைக்காலத்தில் மண் சரிந்து, சாலை செப்பனிடப்படும் மாதங்களில் ஜல்லி இல்லாத வளைவே கிடையாது. எல்லோரும் பம்பரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கல்லடி அதிகம் படுவதும் அங்கேதான். ஆனால் பம்பர் பிளாஸ்டிக் என்பதால், பெயின்ட் பெயர்ந்தாலும் துருப்பிடிக்காது. என் கவலை பானட்டின் முன்விளிம்பு, சில், பின்சக்கர வளைவின் ஓரம் ஆகியவற்றைப் பற்றியது. என் காரில் இவை மூன்றும் இரும்புத் தகடு. முன்சக்கரங்கள் எற்றும் பொடிக்கற்கள் நேராகச் சில்லிலும் பின்கதவின் கீழ்ப்பகுதியிலும் போய் அடிக்கின்றன. மூடுபனியிலும் சாரலிலும் நாள்கணக்கில் உலராமல் நிற்கும் காரில், கடுகளவு பெயர்ந்த இடம்கூட விரைவில் பழுப்பேறிவிடும். முன்பு பிலிம் இல்லாமல் ஓட்டிய காரில் அந்தப் பழுப்புப் புள்ளிகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். இந்தக் காரின் அதே இடங்களில் பிலிமின் மேல் சிறு பள்ளங்கள் உள்ளன, இரண்டொரு கிழிசல்களும் உள்ளன. அடியில் இரும்பு தெரியவில்லை. செலவு செய்த பணத்துக்கு முழுப் பயன் இந்த ஓரிடத்திலேயே கிடைத்துவிட்டது என்று கருதுகிறேன்.

எஸ்டேட் சாலைகளில் எதிரே ஜீப் வந்தால் ஓரம் ஒதுங்காமல் வழியில்லை. கவாத்து செய்த தேயிலைச் செடியின் வெட்டுமுனைகளும் உண்ணிச்செடியின் முள்ளும் கதவின் கீழ்ப்பாதியைக் கீறும். பிலிமின் மேலடுக்கு வெப்பம் பட்டால் மெல்லிய கீறல்களைத் தானாகவே மறைத்துக்கொள்ளும் தன்மை உடையது. கோவை வெயிலில் ஒரு பிற்பகல் நிறுத்தினாலே கீறல்கள் மறைந்துவிடுகின்றன. இங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்த வெப்பம் கிடைக்காததால், கீறல் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆகையால் காரைக் கழுவிய பிறகு, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே அதிகமான வெந்நீரைக் கதவின் மேல் மெதுவாக ஊற்றுகிறேன். மெல்லிய கோடுகள் கண்ணெதிரே மறைகின்றன. கொதிக்கும் நீர் வேண்டாம்; உறைபனி படிந்த கண்ணாடிக்கு அருகில் வெந்நீரைக் கொண்டுபோகவே கூடாது, விரிசல் விடும். பிலிமையே அறுத்துக்கொண்டு போன ஆழமான கீறலை எந்த வெப்பமும் சரிசெய்யாது.

குறை என்று சொன்னால் அது விளிம்புகளில்தான். பானட்டில் ஒட்டியவர்கள் பிலிமை உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தார்கள். அங்கே இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. கதவின் குறுக்கே பாதியில் முடியும் விளிம்பிலோ, பசையோரம் அழுக்கு பிடித்து, தொடர்ந்த ஈரத்தால் பச்சை கலந்த கருங்கோடு படிந்துவிட்டது. வெள்ளைக் காரில் அது தூரத்திலிருந்தே தெரிகிறது. மென்மையான பிரஷ்ஷால் ஷாம்பு நீர் கொண்டு அவ்வப்போது தேய்த்தால் பெரும்பகுதி போகும். கதவுக்குப் பாதி ஒட்டுவதைவிட, மேலே உள்ள மடிப்புக் கோடு வரை கொண்டுபோய் முடிப்பது நல்லது. வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் அழுத்தக் குழாயை விளிம்புக்கு நேராகவோ மிக அருகிலோ பிடிக்க விடாதீர்கள். பிலிம் உரிவதற்கு அதுவே போதும்.

உறவினர் ஒருவரின் காரில், பெயின்ட்டின் மேலேயே பிளேடு வைத்து பிலிமை வெட்டியிருந்தார்கள். பிலிமைக் கழற்றிய நாளில் கிளியர் கோட்டில் கோடுகள் தெரிந்தன. எனவே அளவுக்கேற்ப இயந்திரத்தில் முன்கூட்டியே வெட்டி ஒட்டுகிறார்களா என்பதைக் கேட்டறிவது மிக முக்கியம். ஒட்டுவதைக் கீழே சமவெளியிலேயே செய்துகொள்வதும், முடிந்தால் சில நாட்கள் கீழேயே நிறுத்திவைப்பதும் நல்லது. குளிரில் பசை சரியாகப் பிடிப்பதில்லை. அடியில் தங்கிய நீரும் ஈரக்காற்றில் மெதுவாகவே வற்றும்.

மலையில் புற ஊதாக் கதிர் கூடுதல். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் ஏறும். என் பிலிம் இதுவரை மஞ்சளாகவில்லை. மலிவான பிவிசி வகைகள் விரைவில் மஞ்சளாகும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அண்மையில் கிழிந்திருந்த சில் பகுதியை மட்டும் மாற்றினேன். ஹீட் கன்னால் சூடேற்றித் தாழ்ந்த கோணத்தில் இழுத்தபோது, கம்பெனிப் பெயின்ட் பழுதில்லாமல் அடியில் இருந்தது. மறுபெயின்ட் அடித்த பாகமாக இருந்தால், உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு; பழைய கார் வாங்கியவர்கள் இதை முன்கூட்டியே ஒட்டுபவரிடம் சொல்லிவிட வேண்டும். முழு உடலுக்கும் ஒட்டும் செலவு மலையில் ஓட்டுபவருக்கு அவசியமில்லை என்பது என் கருத்து. கூரையில் விழும் பறவை எச்சத்தையும் மரப் பிசினையும் அன்றன்றே துடைத்துவிட்டால் போதும். அந்தப் பணத்தைச் சில்லுக்கும் சக்கர வளைவுகளுக்கும் தடிமனான பிலிமாகச் செலவிடலாம். அடுத்த முறை நானும் அப்படித்தான் ஒட்டப் போகிறேன்.