வைகைக் கரை நெரிசலில் எந்த வழித்தட முறை தாங்கும்?

கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஆழ்வார்புரம் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும்: கைப்பேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், அழைப்பு மட்டும் போகாது. டவரை நம்பாமல் தொண்டர்களின் கருவிகளே வைஃபை வழியாக ஒன்றிடமிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கடத்தலாம். செய்தி எந்தக் கருவிகள் வழியாகப் போக வேண்டும் என்று கண்டுபிடிக்க, 2003-இல் வரையறுக்கப்பட்ட ஏஓடிவி (AODV), ஓஎல்எஸ்ஆர் (OLSR) என்ற இரண்டு முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஏஓடிவி தேவை வரும்போதுதான் வழி தேடும். கோரிப்பாளையத்தில் நிற்பவருக்கு வழி கேட்டு ஒரு கருவி குரல் கொடுத்தால், வழி தெரியாத ஒவ்வொன்றும் அதை ஒருமுறை திரும்பக் கூவும். ஆள் குறைந்த அழகர்மலை அடிவாரத்தில் இது சிக்கனம். நெரிசலில் இதுவே வினை. எல்லோருக்குமாக அனுப்பப்படும் வைஃபை செய்திக்குக் 'கிடைத்தது' என்ற பதில் வராது. இரண்டு செய்திகள் மோதி அழிந்தாலும் அனுப்பிய கருவிக்குத் தெரியாது. இந்தக் கூச்சல் புயலை 1999-இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது: ஒரே செய்தியை நான்கு முறை கேட்டுவிட்ட கருவி மறுபடி கூவினால், புதிதாக எட்டும் பரப்பு சராசரியாக 5 விழுக்காடுகூட இல்லை.

ஓஎல்எஸ்ஆர் வழிகளை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். அதற்காக 2 நொடிக்கு ஒருமுறை அண்டையை, அதாவது நேரடியாக எட்டும் கருவிகளை, விசாரிக்கும். 5 நொடிக்கு ஒருமுறை இணைப்பு நிலவரத்தைப் பரப்பும். இவ்வளவு பேச்சு கூட்டத்தில் தாங்காது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அதைக் காப்பாற்றுவது, செய்தியைத் திரும்பக் கூவும் அஞ்சல் கருவிகளின் தேர்வு. ஒவ்வொரு கருவியும், அண்டைக்கு அடுத்த வட்டத்தில் உள்ள அனைவரையும் எட்டப் போதுமான சில அண்டைகளை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது. அவை மட்டுமே அதன் செய்தியைத் திரும்பக் கூவும். மற்றவை கேட்டுக்கொண்டு அமைதியாக இருக்கும். நாற்பது அண்டைகளில் ஐந்தே போதுமென்றால் முப்பத்தைந்து கூவல்கள் மிச்சம். நெரிசல் கூடக்கூட மிச்சமும் கூடும்.

கருவிகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால் இந்தத் தேர்வு சீக்கிரம் பழையதாகிவிடும். தேரோடு மாசி வீதிகளைச் சுற்றி வரும் குழுவுக்கு, 'மூன்று முறை கேட்டால் வாயை மூடு' என்ற விதி சேர்த்த ஏஓடிவியையே கொடுப்பேன்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கைமாறும் எண்ணிக்கை குறைந்த வழியே நல்ல வழி என்று எடுத்துக்கொள்வதால், தொலைவில் உள்ள பலவீனமான இணைப்பில் போய் விழும். எத்தனை முறை அனுப்பினால் செய்தி சேரும் என்பதை அளந்து வழி தேர்வது மேல். இணைப்பின் தரத்தைக் கணக்கில் எடுக்க 2014-இல் வந்த ஓஎல்எஸ்ஆர் இரண்டாம் பதிப்பு இடம் தருகிறது. கரையில் தொண்டர்கள் பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்பவர்கள்; அங்கே என் தேர்வு அந்தப் பதிப்புதான்.