டேங்கில் ஊற்றுவதா, எஞ்சினுக்குள் தெளிப்பதா?

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் பேச்சு கூடிவிட்டது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எனவே இ10-லிருந்து இ20-க்கு மாறும்போது சுமார் 3 சதவீத ஆற்றல் போகிறது. அதை மீட்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். அடிக்கடி காதில் விழும் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

அசிட்டோன், நகப்பூச்சை அழிக்கும் அதே திரவம். டேங்கில் கொஞ்சம் விட்டால் பெட்ரோல் நன்றாக ஆவியாகி முழுதாக எரியும் என்கிறார்கள். சூடேறிய எஞ்சினில் பெட்ரோல் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுதும் எரிகிறது. எரியாமல் தப்புவது சில சதவீதம்தான். போதாததற்கு, அசிட்டோனின் ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு. இதையெல்லாம்விட என் கவலை ரப்பர் சீல்கள். நைட்ரைல், விட்டான் இரண்டுமே அசிட்டோனில் ஊறி வீங்கும். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும்? தயவுசெய்து இதை முயல வேண்டாம்.

தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜனாகப் பிரித்து எஞ்சினுக்கு அனுப்பும் எச்எச்ஓ கிட்டைச் சீக்கிரமே தள்ளிவிடலாம். தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது; ஆல்டர்னேட்டரைச் சுற்றுவதும் அதே பெட்ரோல்தான். ஒவ்வொரு படியிலும் இழப்பு.

எஞ்சினுக்குள் தண்ணீர் தெளிப்பது அப்படியல்ல, இதில் உண்மையான இயற்பியல் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். பெட்ரோல் இழுப்பது அதில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். உள்ளே போகும் காற்று குளிர்வதால் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானே வெடித்து எரிவது) அடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானங்கள் பாதி தண்ணீர், பாதி மெத்தனால் கலந்த எம்டபிள்யூ 50 கலவையை இதற்காகவே சுமந்தன. 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் கார், டர்போவோடு (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) 10.25-க்கு 1 என்ற உயர்ந்த கம்ப்ரெஷன் விகிதத்தை இதே தந்திரத்தால் தாங்கியது. பின்னர் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ், பூட்டில் 5 லிட்டர் தண்ணீர் டேங்கோடு வந்தது.

சரி, மைலேஜ்? டர்போ எஞ்சினை அழுத்தி ஓட்டும்போது, சூட்டைக் குறைக்க எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். அந்த வேலையைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. போஷ் நிறுவனம் சொன்ன 13 சதவீதம் வரையிலான சேமிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான். டர்போ இல்லாத சிறிய காரில் கிண்டி நெரிசலுக்குள் ஊர்ந்து போகும்போது அந்தக் கூடுதல் பெட்ரோலே கிடையாது. மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் காருக்கு இது செலவுதான்.

மீதம் இன்ஜெக்டர் கிளீனர், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய டேங்கில் ஊற்றும் திரவம். பாலிஈதர் அமீன் என்ற வேதிப்பொருள் உள்ளதை வாங்கினால் இன்ஜெக்டர் முனையில் படிந்த கரியைக் கரைக்கும். அழுக்கால் போன மைலேஜ் திரும்பும், சுத்தமான எஞ்சினில் எதுவும் கூடாது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காரில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதால், காற்று நுழையும் இன்டேக் வால்வை அது தொடுவதே இல்லை. அங்குள்ள கரியை டேங்கில் ஊற்றும் எந்த பாட்டிலும் எடுக்காது. நாலில் நான் பரிந்துரைப்பது இதைத்தான், அதுவும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய, ஐடிலில் தடுமாறுகிற வண்டிக்கு.

ஊற்றிப் பார்ப்பவர்கள் அதற்கு முன் மூன்று டேங்க், பின் மூன்று டேங்க் கணக்கு எடுங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், ஃபுல் டேங்க் முதல் ஃபுல் டேங்க் வரை. டயர் காற்றை முதல் நாளே சரிசெய்துவிடுங்கள். நடுவில் அடித்தால் அந்தப் பலனும் பாட்டில் கணக்கில் சேர்ந்துவிடும்.