லாஃப்ட் அறையில் ஆறு வருடம்

லாஃப்ட் என்றதும் ஊரில் பித்தளைப் பாத்திரம் ஏற்றி வைக்கும் பரண்தான் நினைவுக்கு வரும். லண்டனில் அது கூரைக்கு அடியில் ஆள் நின்று நடக்கக்கூடிய இடம். பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய எங்கள் டெரஸ் வீட்டில் 2019-ல் அதை மகளுக்குப் படுக்கையறையாக மாற்றினோம்.

பலர் குழம்புகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டெரஸ் வீட்டில் கூரையோடு கூடுகிற இடம் 40 கன மீட்டருக்குள் இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் பொதுவாக பிளானிங் அனுமதி, அதாவது கட்டலாமா என்று கவுன்சிலிடம் வாங்கும் அனுமதி, வேண்டாம். ஆனால் கட்டுவது பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் பில்டிங் ரெகுலேஷன்ஸ் தனி. ஆள் படுக்கிற அறை என்றால் அந்த ஒப்புதல் கட்டாயம்.

லாஃப்டின் பழைய மரச்சட்டங்கள் கீழ்வீட்டுச் சீலிங்கைத் தாங்கத்தான் போட்டவை, கட்டிலையும் ஆளையும் தாங்காது. அதனால் இரும்பு பீம் வைத்துப் புதுத் தளம் போட்டார்கள். பீம் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் உட்கார்வதால், 1996-ம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி இரண்டு பக்கத்தாருக்கும் இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுத்தோம்.

எனக்கு வருத்தம் தந்தது கதவுகள்தான். மூன்றாவது தளத்திலிருந்து ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்ப முடியாது. ஆகவே அங்கிருந்து வாசல் வரை படிக்கட்டு முழுவதும் அரை மணி நேரம் தீயைத் தடுக்க வேண்டும். அழகான பழைய மரக்கதவுகளைக் கழற்றித் தீத்தடுப்புக் கதவு மாட்டினார்கள். ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக் கதவைத் திறந்து வைத்தபடி மோர்மிளகாய் வறுத்தேன். ஹாலில் அலாரம் அடித்த அதே நொடி மேலேயும் அடித்தது. காதில் ஹெட்ஃபோனோடு இருந்த பிள்ளை மூச்சு வாங்கப் படியிறங்கி வந்து நின்றாள். கதவைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

படிக்கட்டுக்குத் தலைக்கு மேல் 2 மீட்டர் உயரம் வேண்டும். இடமில்லாத லாஃப்டில் படிக்கட்டின் நடுப்பகுதிக்கு மேல் 1.9 மீட்டர் இருந்தால் ஒத்துக்கொள்கிறார்கள், எங்களுடையது அப்படித்தான். அறையின் உயரத்துக்கு விதியில் குறைந்தபட்ச அளவே கிடையாது. புதுத் தளமும், வெப்பம் எளிதில் கடக்காமல் கூரையில் வைக்கும் இன்சுலேஷனும் உயரத்தைத் தின்றுவிடும் என்பதை மனதில் வைத்து அளந்து பாருங்கள்.

என் பெரிய மனக்குறை கோடை வெப்பம். 2022 ஜூலையில் லண்டன் 40 டிகிரியைத் தாண்டிய நாளில் மகள் ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள். இன்சுலேஷன் விதிப்படிதான் இருந்தது, ஆனால் அது குளிருக்காக வகுத்த கணக்கு. வீடு சூடேறுவதைத் தடுக்கும் விதி இங்கிலாந்தில் அந்த ஜூனில்தான் வந்தது, அதுவும் புது வீடுகளுக்கு மட்டும். தெற்குப் பார்த்த கூரை ஜன்னலுக்கு வெளிப்பக்கம் திரை போட்ட பிறகு அறை பரவாயில்லை. இன்று கட்டினால் மரநார் இன்சுலேஷன் கேட்பேன், வெப்பத்தை அது மெதுவாகத்தான் உள்ளே விடும்.

அப்புறம், வேலை விதிப்படி முடிந்தது என்று தரும் நிறைவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். எங்கள் கட்டட இன்ஸ்பெக்டர் ஒரு தீத்தடுப்புக் கதவின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, சூடுபட்டால் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை அதில் இல்லை என்று கண்டுபிடித்தார். பணம் பாக்கி இருந்ததால் கான்ட்ராக்டர் மறுநாளே ஆள் அனுப்பிப் பட்டையைப் பதித்தார்.