டெல்லி பிளாட்டில் புகை அலாரம்: ஒரு வருடம் மாட்டி வைத்தால் தெரிகிற குறைகள்

புகை அலாரத்துக்குத் தீ தெரியாது. தன் சின்ன இருட்டறைக்குள் வந்து சேர்ந்த புகை மட்டும்தான் தெரியும். கதவு சாத்திய அறையில் பிளக் கருகினால், லாபியில் தொங்கும் அலாரத்துக்கு அந்தப் புகை வந்து சேரும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே அர்த்தம்.

படுக்கையறைக்கு ஒளிச்சிதறல் வகைதான் வாங்க வேண்டும். உள்ளே எல்இடி ஒளி ஒரு பக்கம் போகும், உணரி வேறு பக்கம் பார்க்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் விழும். மெத்தையும் ரஜாயும் (பஞ்சு அடைத்த போர்வை) கனன்று புகையும்போது இதுதான் முந்திக்கொள்ளும். அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த அயனி வகை, சுடர்விட்டு எரியும் தீக்குச் சற்று வேகம். கனலும் தீக்கு மிகவும் தாமதமாகலாம்.

மே, ஜூனில் ஆந்தி (புழுதிப் புயல்) கொண்டுவரும் புழுதிதான் டெல்லியில் பெரிய தொல்லை. உள்ளே படிந்த தூசியும் ஒளியைச் சிதறடிக்கும், அதனால் காரணமின்றி அலறும். புகை நுழையும் வலையை அடைத்துவிட்டாலோ புகையே உள்ளே போகாது. மாதம் ஒரு முறை வேக்குவம் கிளீனரின் மென்மையான தூரிகையால் சுற்றிலும் இழுத்தால் போதும். ஈரத்துணி, ஸ்பிரே கூடாது.

மாட்டும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். மின்விசிறி இறக்கையின் நுனியிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று புகையைக் கலைத்துவிடும். 10 அடிக்கு 12 அடி அறையின் நடுவில் 1200 மி.மீ. விசிறி இருந்தால், நீளவாக்கில் சுவரை ஒட்டிய ஓரடிதான் மிஞ்சும். மூலைப் பக்கம் நகர்ந்தால் இன்னும் இடம் கிடைக்கும். ஆனால் கூரையும் சுவரும் சேரும் இடத்திலிருந்து 10 செ.மீ. விட வேண்டும்.

சமையலறையில் புகை அலாரமே வேண்டாம். மோர்மிளகாய் வறுத்தாலே கத்தும். வெளியே வைப்பதையும் அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். சமையலறைக்கு 57 டிகிரி வாக்கில் ஒலிக்கும் வெப்ப உணரி போதும். சாம்பிராணி போடும்போது பேட்டரியைக் கழற்றுவது உண்மையிலேயே ஆபத்தான பழக்கம், திரும்பப் போட மறந்துவிடும். தற்காலிகமாக அடக்கும் பொத்தான் உள்ள மாடலாக வாங்கினால் சில நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுத் தானே விழித்துக்கொள்ளும்.

ஜனவரியில் அங்கீட்டியை (குளிர்காயும் கரி அடுப்பு) அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் இந்த அலாரத்தால் பயனே இல்லை. சிவந்து கனலும் கரியில் புகை குறைவு, கார்பன் மோனாக்சைடு (சிஓ) என்ற நச்சு வாயு அதிகம்; அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தனி சிஓ அலாரம் தேவை. ஐரோப்பியத் தரத்தில் அதுவும் 300 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) இருந்தால் 3 நிமிடத்துக்குள் ஒலிக்கும். 50 பிபிஎம்மில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும். ஆகவே அங்கீட்டி அறைக்குள் வரவே கூடாது.

எரிவாயுக் கசிவும் புகை அலாரத்துக்குத் தெரியாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம். அதற்கான உணரியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். குழாய் வாயு பெரும்பாலும் மீத்தேன், லேசானது. அதற்குக் கூரைக்கு அருகில். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறியவர்கள் உணரியையும் இடம் மாற்ற வேண்டும், அது மீத்தேனுக்கானதா என்றும் பார்க்க வேண்டும்.

புகை அலாரத்தின் சத்தம் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல். நடுவில் ஒரு மூடிய கதவு, பக்கத்தில் கூலர் இரைச்சல் என்றால் தூங்குபவர் காதில் எவ்வளவு விழும்? கீச்சென்ற அந்த உயர்ந்த சுருதிக்கு ஆழ்ந்து தூங்கும் குழந்தைகள் பல சமயம் எழுவதில்லை, வயதானவர்களுக்குக் கேட்பதும் கடினம். அறைக்கு ஒன்று வைத்து, ஒன்று ஒலித்தால் எல்லாமே ஒலிக்கும் வயர்லெஸ் வகைக்குச் செலவழிப்பது தகும்.

குளிர்கால விடியலில் நிமிடத்துக்கு ஒரு முறை ‘கீச்’ என்றால், குளிரில் பேட்டரி மின்னழுத்தம் இறங்கியிருக்கிறது. பகலில் தானாக நின்றாலும் மாற்றிவிடுங்கள். சோதனைப் பொத்தான் சுற்றையும் ஒலிப்பானையும் சோதிக்கும், வலை அடைத்திருப்பதைச் சொல்லாது. பின்புறம் உள்ள தயாரிப்புத் தேதியிலிருந்து 10 வருடம் ஆனால் வேலை செய்தாலும் தூக்கிப் போட வேண்டும்.

அலாரம் ஒலித்தால் வெளியேறவும் வழி வேண்டும். இரவில் ஜாலிக் கதவுக்கு (கம்பிக் கதவு) உள்ளே பூட்டுப் போடும் வீடுகளில், அதன் சாவி எப்போதும் கதவருகே ஒரே ஆணியில், வெளியிலிருந்து கைக்கு எட்டாத உயரத்தில் தொங்க வேண்டும். இருட்டில் தடவியே அதை எடுக்க வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.