போடியில் மூன்று நோட் ப்ராக்ஸ்மாக்ஸ், செஃப் கிளஸ்டர்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் வியாபார நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கடையும் குடோனும் போடியில். தோட்டமும் காய் உலர்த்தும் ஸ்டோரும் மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டம் வண்டன்மேடு பக்கம். ஸ்பைசஸ் போர்டின் இ-ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது, அந்த சிஸ்டம் அவர்களுடையது. எந்த லாட் எந்தத் தோட்டத்துடையது, யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்ற கணக்கெல்லாம் எங்கள் சர்வரில். 50,000 ரூபாய்க்கு மேல் போகும் சரக்கு மாநில எல்லையைத் தாண்ட இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணம்) வேண்டும். பில் போடும் சாஃப்ட்வேர் படுத்துவிட்டால் மூட்டை ஏற்றிய லாரி கிளம்ப முடியாது. டிரைவர் முதலாளிக்குப் போன் போடுவார், முதலாளி எனக்குப் போடுவார்.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது ஒரு சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) ஓட்டும் சாஃப்ட்வேர். 2021இல் அதன் 7ஆம் பதிப்பு வந்த சமயத்தில் ஒற்றை சர்வரை விட்டுவிட்டு, பல சர்வர்கள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் இந்தக் கிளஸ்டருக்கு மாறினோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மூன்று ரேக் சர்வர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு எஸ்எஸ்டி, ஸ்டோரேஜுக்கு, டேட்டாவைப் பல சர்வர்களில் பிரதி எடுத்து வைக்கும் செஃப் என்ற சாஃப்ட்வேர். ‘எது போனாலும் நிற்காது’ என்று விற்கப்படும் அமைப்பு இது. அந்த வாக்கு எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் எழுதுகிறேன்.

கிளஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட். இரண்டு நோட் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிளஸ்டரில் பெரும்பான்மை ஓட்டு இருக்கும் பக்கம்தான் வேலை செய்யும். இரண்டே பேர் இருந்து நடுவில் கேபிள் அறுந்தால், ‘செத்தது அவன்தான்’ என்று இருவருமே நினைத்து ஒரே டேட்டாவில் எழுதப் போவார்கள். அதைத் தடுக்க மூன்றாவது ஓட்டு வேண்டும். ஓட்டுக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டியை வைத்து ஒப்பேற்றலாம்தான். ஆனால் செஃப்பின் வழக்கமான அமைப்பு மூன்று பிரதி, அவற்றில் குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தால்தான் படிக்கவும் எழுதவும் விடும். அதனால் மூன்று முழு சர்வராகவே போட்டோம். வாங்கிய இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். அதிலும் 85 சதவீதத்தில் எச்சரிக்கை, 95இல் எழுதுவதையே நிறுத்திவிடும். முதலாளிக்கு இந்தக் கணக்கைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

இந்த அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது வயரிங். மூன்று நோட் மட்டும் என்றால் 10 கிகாபிட் ஸ்விட்ச்சே தேவையில்லை. ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு போர்ட் உள்ள கார்டு போட்டு, மற்ற இரண்டுக்கும் நேரடியாகக் கேபிள் இழுத்துவிடலாம். ஸ்விட்ச் இல்லை, அது கெட்டுப்போகும் கவலையும் இல்லை, காசும் மிச்சம். செஃப் போக்குவரத்து முழுக்க அந்த முக்கோணத்தில் ஓடுகிறது. நோடுகள் ஒன்றையொன்று நலம் விசாரிக்கும் கோரோசிங்க்கை மட்டும் தனியாக, இரண்டு சின்ன 1 கிகாபிட் ஸ்விட்ச்கள் வழியே விட்டிருக்கிறேன். இதில் கஞ்சத்தனம் கூடாது. கோரோசிங்க் தாமதத்தைத் தாங்காது. டிஸ்க் மாற்றி டேட்டா திரும்ப நிரம்பும் நேரத்தில் ஒரே கேபிளில் இரண்டும் நெரிந்தால், பெரும்பான்மை ஓட்டை இழந்த நோட் தானாகவே ரீபூட் ஆகும். மூன்றுக்கும் அந்த கதி வந்தால் மொத்தக் கடையும் மூட வேண்டியதுதான்.

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒன்று மட்டும். கரன்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்க உள்ளே கெப்பாசிட்டர் வைத்த சர்வர் ரக எஸ்எஸ்டி வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. லேப்டாப்பில் பறக்கிற டிஸ்க் செஃப்பில் தவழும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் டேட்டா உண்மையிலேயே டிஸ்க்கில் பதிந்ததா என்று செஃப் உறுதி கேட்கும், சாதாரண டிஸ்க்குக்கு அந்த உறுதியைத் தர நேரம் பிடிக்கும்.

ஏலம் இல்லாத ஒரு பொங்கல் விடுமுறையில் ஓடிக்கொண்டிருந்த நோட் ஒன்றின் பவர் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். பில்லிங் விஎம் இன்னொரு நோடில் எழுந்துவிட்டது. ஆனால் போன நோட் நிஜமாகவே போய்விட்டதா என்று உறுதி செய்ய இரண்டு நிமிடம், அதன் பிறகு விஎம் பூட் ஆகும் நேரம். பாதி அடித்து சேவ் பண்ணாத பில் போனது போனதுதான். ‘ஹை அவைலபிலிட்டி’ என்றால் துளியும் தடங்கல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்கு இந்த வேகமே தாராளம்.

சீசன் நடுவில் ஒரு நோடின் மதர்போர்டு போனதுதான் பெரிய பாடம். கடையில் யாருக்கும் தெரியவே இல்லை, வேலை ஓடியது. உதிரி தருவதாகச் சொன்ன விற்பனையாளர் நாளை, நாளை மறுநாள் என்று இழுத்தார். நான் சும்மா பதறுகிறேன் என்று முதலாளி நினைத்தார்.

“தம்பி, ஒன்னு போனாலும் ஓடும்னுதானே மூனு வாங்குனோம்? இப்ப ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?”

“ஓடுதுண்ணே. இன்னொன்னு போனா நிக்கும்.”

மூன்று நோட் கிளஸ்டர் ஒரு அடியைத்தான் தாங்கும். அந்த அடி விழுந்த நிமிடத்திலிருந்து ரிப்பேர் முடியும் வரை, காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் நிற்பது ஒற்றைக் காலில். டிஸ்க் ஒன்று போய்ப் பத்து நிமிடம் திரும்பி வராவிட்டால், அதன் டேட்டாவை அதே நோடின் மற்ற டிஸ்க்குகளில் செஃப் தானே உருவாக்கிக்கொள்ளும். அதற்கு அங்கே இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நோடே போனால் மூன்றாவது பிரதியை வைக்க வேறு நோட் கிடையாது, காத்திருக்கும். அப்டேட்டுக்காக ஒரு நோடை ரீபூட் செய்யும்போதும் இதே நிலைதான், நாமே விரும்பி ஒரு அடியைச் செலவழிக்கிறோம். பெருநகரத்தில் உதிரி மதியமே வந்துவிடலாம், மலையடிவாரத்துக்கு அப்படி வராது. அதனால் எங்கள் ஊரில் ‘எத்தனை கெட்டால் தாங்கும்’ என்பதைவிட ‘கெட்டதை எத்தனை நாளில் மாற்ற முடியும்’ என்பதே பெரிய கேள்வி.

அதன் பிறகு அதே மாடலில் நான்காவது மெஷின் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். கிளஸ்டரில் சேர்க்கவில்லை. சேர்த்தால் செஃப் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் நான்கு ஓட்டில் பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும், ஓட்டுக் கணக்கில் தாங்குவது பழையபடி ஒன்றுதான். ஸ்விட்ச் இல்லாத முக்கோணமும் போய்விடும். அலமாரியில் இருந்தால் ரேம், பவர் சப்ளை, கார்டு, போர்டு என்று எதையும் கழற்றி மாட்டலாம். அதற்குப் பக்கத்தில் புது எஸ்எஸ்டி இரண்டு.

கரன்ட் பற்றி. மாதப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வேறு. ஒவ்வொரு சர்வரின் இரண்டு பவர் சப்ளையும் இரண்டு தனித்தனி யுபிஎஸ்ஸில் இருக்கின்றன, பின்னால் ஜெனரேட்டர். பேட்டரி தீரும்போது முதலில் விஎம்கள், பிறகு நோடுகள் என்று வரிசையாக அணைய நட் என்ற இலவச சாஃப்ட்வேர் போட்டிருக்கிறேன். இன்னொரு சின்ன விஷயம், நோடுகளின் கடிகாரங்களுக்குள் 0.05 வினாடி வித்தியாசம் வந்தாலே செஃப் புகார் சொல்லும். பழைய சர்வரில் போர்டு பேட்டரி செத்திருந்தால் நீண்ட மின்தடைக்குப் பிறகு நேரம் எங்கோ போயிருக்கும். அந்த மாதிரிக் காலையில் இன்டர்நெட்டும் இல்லையென்றால் நேரத்தைச் சரிபார்க்க வழியில்லை. அதனால் கடைக்குள்ளேயே நேரம் சொல்ல ஒரு பெட்டி வைத்தேன். மூன்று பேட்டரியும் மாற்றியாயிற்று, விலை சில பத்து ரூபாய்தான்.

மூன்று பிரதி இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று எண்ண வேண்டாம். கணக்குப்பிள்ளை தெரியாமல் ஒரு லெட்ஜரை அழித்தால் மூன்று பிரதியிலும் ஒழுங்காக அழியும். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் ஒன்று போடியில், இன்னொன்று தோட்டத்து ஆபீஸில். மாறிய பகுதிகள் மட்டும் போவதால் மலைக்கு மேலிருக்கும் மெதுவான லைனிலேயே விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டாலும் கேரளப் பக்கத்தில் ஒரு பிரதி இருக்கிறது. மாதம் ஒரு விஎம்மை அங்கேயே ரீஸ்டோர் செய்து பார்க்கிறோம்.

பிடிக்காதது இரண்டு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் செஃப் சுமார் 4 ஜிபி ரேமைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது, நோடுக்கு நான்கு டிஸ்க் என்றால் 16 ஜிபி அதிலேயே போய்விடும். இரண்டாவது, இதைப் பழக ஆள் கிடைப்பதில்லை. நான் ஊரில் இல்லாதபோது டிஸ்க் மாற்றுவதற்குத் தமிழில் படத்தோடு ஒரு தாள் எழுதி ரேக் கதவில் ஒட்டியிருக்கிறேன், குடோன் பையன் அதைப் பார்த்து மாற்றிவிட்டான்.

பத்து பேர் பில் போடும் கடைக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு நல்ல சர்வர், ஒரு மாற்று சர்வர், சில நிமிடத்துக்கு ஒருமுறை இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் (ஒன்றின் டேட்டாவை மற்றதற்கு நகலெடுப்பது) போதும். கடைசிச் சில நிமிட வேலை போனால் தாங்காது என்பவர்கள் மட்டும் செஃப் பக்கம் வாருங்கள்.

நாங்கள் இப்போது ப்ராக்ஸ்மாக்ஸ் 8இல் இருக்கிறோம். 2025 ஆகஸ்டில் ப்ராக்ஸ்மாக்ஸ் 9 வந்தது, அதற்கு மாறுமுன் செஃப்பை ஸ்குவிட் பதிப்புக்குக் கொண்டுபோக வேண்டும். காய் பறிப்பு முடிந்து ஏலம் மந்தமாகும் பங்குனியில், அலமாரி மெஷினில் முதலில் ஒத்திகை பார்த்துவிட்டு ஒவ்வொரு நோடாக ஏற்றப் போகிறேன்.