ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகும் என்று காட்டி விற்கும் பாவித்த ஸ்னோ புளோவர்கள்: கவனம்

ரொறன்ரோ பக்கம் ஒக்டோபர் பிறந்ததும் பாவித்த ஸ்னோ புளோவர் (பனியை வாரி எறியும் மெஷின்) விளம்பரங்கள் குவியத் தொடங்கிவிடும். "எஞ்சின் புதுசு, சேர்விஸ் செய்தது, ஒரே இழுவையில் ஸ்டார்ட்." இந்த வரியை நம்பிக் காசைக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் ஏமாறுகிறார்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆவது மெஷின் நல்லது என்பதற்கு அத்தாட்சி அல்ல. பனியை எறிகிற பகுதி வேறு, எஞ்சின் வேறு. விற்பவர் காட்டுவது எஞ்சினை. கெட்டுப்போய் இருப்பது மற்றது.

ஸ்காபரோவில் இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே உள்ள ஒரு வீட்டுக்கு அப்படித்தான் வாய் 24 அங்குல அகலமான, டூ ஸ்டேஜ் (பனியை வாருவது ஒரு பகுதி, எறிவது இன்னொரு பகுதி) மெஷின் ஒன்று 650 டாலர் ரொக்கத்துக்கு வந்து சேர்ந்தது. விற்றவர் கராஜில் வைத்துக் கயிற்றை இழுத்தார், உடனே ஸ்டார்ட். "அண்ணை, சத்தத்தைக் கேளுங்கோ, புது மெஷின் மாதிரி" என்றார். லீவரை அமத்தினார், முன்னால் இருந்த ஓகர், அதாவது பனியை வாரும் சுருள், சுற்றியது. வாங்கியவருக்கு அது போதுமாக இருந்தது. முதல் கனத்த பனி விழுந்து, நகரசபை வண்டி டிரைவ்வே வாயிலில் தள்ளிவிட்டுப் போன பனி வரம்புக்குள் மெஷினை விட்டதும் ஓகர் நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

கழற்றிப் பார்த்தபோது எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. ஓகரைத் தண்டோடு பிணைக்கும் போல்ட்டின் தலையில் ஆறு கோடுகள். தண்டோடு துருப்பிடித்து ஒட்டிப்போன ஓகர். அதன் மேல் புதுச் சிவப்புப் பெயின்ட். கியர்பொக்ஸுக்குள் பித்தளை நிறப் பொடி கலந்த எண்ணெய். திருத்துமிடத்தில் கியர்பொக்ஸ் மாற்றச் சொன்ன விலை, மெஷினுக்குக் கொடுத்த விலையைத் தாண்டியது. விற்றவரின் விளம்பரமும் இல்லை, தொலைபேசிக்குப் பதிலும் இல்லை.

அந்த ஆறு கோடுகளில்தான் விஷயம் இருக்கிறது. டூ ஸ்டேஜ் மெஷினில் முன்னால் இருக்கும் ஓகர் பனியை வாரி நடுவுக்குக் கொண்டுவரும். பின்னால் வேகமாகச் சுற்றும் இம்பெல்லர் அதைக் குழாய் வழியே எறியும். இரண்டுக்கும் நடுவில் கியர்பொக்ஸ். கல்லோ, உறைந்த பனிக்கட்டியோ, பனிக்குள் புதைந்த பத்திரிகைக் கட்டோ ஓகரில் சிக்கினால் ஏதாவது ஒன்று உடைந்தே ஆகவேண்டும். அதற்கென்றே வைத்திருப்பதுதான் ஷியர் போல்ட். வேண்டுமென்றே மென்மையான இரும்பில் செய்யப்பட்டது, சில டாலர் பெறுமதியானது. அது முறிந்தால் கியர்பொக்ஸ் தப்பும். அடிக்கடி முறிகிறதே என்று அலுத்துப்போய் ஹாட்வெயர் கடையில் கிடைக்கும் கெட்டியான போல்ட்டை யாராவது போட்டுவிட்டால், அடுத்த கல் சிக்கும்போது முறிவது கியர்பொக்ஸுக்குள் இருக்கும் வெண்கலப் பல்சக்கரம். பல் பாதி தேய்ந்த நிலையில் கராஜில் வெறுமனே ஓட்டிக் காட்டினால் ஓகர் அழகாகச் சுற்றும். பனியின் பாரம் ஏறியதும் பல் வழுக்கிவிடும். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் வெயிலடிக்கும் நாளில் விற்கிறார்.

போல்ட் தலையைப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆறு கோடு இருந்தாலோ, 10.9 என்று எண் இருந்தாலோ அது கெட்டியான போல்ட், ஷியர் போல்ட் அல்ல. மூன்று கோடு இருந்தாலும் அந்த மொடலுக்குரிய போல்ட்தானா என்று சந்தேகப்படுங்கள்.

கியர்பொக்ஸைச் சோதிக்க எஞ்சின் ஓடவே தேவையில்லை. சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிய பிறகு, கனத்த கையுறையோடு ஓகரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடி, டக்கென்று நிற்கவேண்டும். போல்ட் இரண்டும் இருக்கும்போதே ஓகர் கரகரவென்று நழுவிச் சுற்றினால் பல் போய்விட்டது. அதற்கு மேல் பேசவே வேண்டாம். அடுத்து இரண்டு சின்ன ஸ்பானரால் அந்தப் போல்ட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதும் இரண்டு பக்க ஓகரும் தண்டின் மேல் கையாலேயே தனித்தனியாகச் சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் துருவில் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் சரியான ஷியர் போல்ட்டைப் போட்டாலும் அது முறியாது, காப்பாற்றவும் செய்யாது. வருடத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காத மெஷின் எல்லாவற்றுக்கும் வருவது இதுதான். ரொறன்ரோ வீதிகளில் கொட்டும் உப்பு அதை இன்னும் விரைவாக்கும். போல்ட்டைக் கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் பார்க்கும்போது குழாய்க்குள் ஒருபோதும் கை வைக்கவேண்டாம். எஞ்சின் நின்றிருந்தாலும், சிக்கிய இம்பெல்லரில் பெல்ட்டின் இழுவிசை தேங்கி நிற்கலாம். அடைப்பு விலகிய கணம் அது ஒரு துள்ளு துள்ளும். விரல் போவது அப்படித்தான். மெஷினோடு வரும் பிளாஸ்டிக் துடுப்பு அடைப்பை எடுக்கவே தரப்படுகிறது. அது காணாமல் போயிருந்தால் ஒரு தடி போதும்.

சக்கரம் ஓடுவதிலும் ஒரு மறைப்பு உண்டு. பெரும்பாலான டூ ஸ்டேஜ் மெஷின்களில் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுப்பது ரப்பர் விளிம்பு போட்ட ஃபிரிக்ஷன் டிஸ்க். ரப்பர் தேய்ந்தால் வெறும் தரையில் ஓடும், பனியில் தள்ள முடியாமல் நிற்கும். சோதிக்கும் வழி சுலபம்: ஓகரை நிறுத்திவிட்டு, மெஷினின் முகத்தைக் கொன்கிரீட் படியில் முட்டவைத்து முதலாவது கியரில் விடுங்கள். சக்கரம் தரையில் வழுக்கிச் சுற்றினால் டிஸ்க் பிடிக்கிறது. எஞ்சின் ஓட ஓடச் சக்கரம் நின்றுவிட்டால் டிஸ்க் வழுக்குகிறது. டிஸ்க் மாற்றுவது பெரிய செலவில்லை, வேலைதான் நேரம் பிடிக்கும். அந்தக் காசைக் கழித்துப் பேரம் பேசலாம்.

இனி எஞ்சின். நீங்கள் போவதற்கு முன்பே அதைச் சூடாக்கி வைத்திருப்பது பழைய தந்திரம். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்கோ" என்று முதலே சொல்லிவிட்டு, போனதும் சைலன்சருக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். குளிர்ந்த எஞ்சின் சோக்கில் ஸ்டார்ட் ஆகி, இரண்டு மூன்று நிமிடத்தில் சோக்கை முழுக்க எடுத்தபின்னும் ஒரே சீராக ஓடவேண்டும். சோக் பாதி இருந்தால்தான் ஓடுகிறது, அல்லது சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வருகிறது என்றால் கார்புரேட்டரின் சின்னத் துவாரம் அடைத்திருக்கிறது. எதனோல் கலந்த பெற்றோலை வசந்தகாலத்தில் டாங்கில் விட்டுவிட்டுப் போவதன் பலன் அது. அந்தப் பெற்றோல் ஒரு மாதத்திலேயே கெடத் தொடங்கும். இது திருத்தக்கூடிய குறைதான். ஆனால் "சேர்விஸ் செய்தது" என்று சொன்னது பொய் என்று இதிலேயே தெரிந்துவிடும். எண்ணெய்க் குச்சியையும் எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் அடித்தால் கார்புரேட்டர் கசிந்து எண்ணெய்க்குள் இறங்குகிறது. பால் கலந்தது போல் இருந்தால் உள்ளே தண்ணீர்.

"புது எஞ்சின் போட்டது" என்ற விளம்பரத்தைக் கண்டால் இன்னும் கவனம் வேண்டும். பொதுவேலைக்கு விற்கும் மலிவான 212 சிசி எஞ்சினை வாங்கிப் பூட்டியிருப்பார்கள். பனிக்கென்று செய்த எஞ்சினில் வழக்கமாக எயர் ஃபில்டரே இருக்காது. கார்புரேட்டரைச் சுற்றி ஒரு மூடி இருந்து சூட்டை உள்ளே வைத்திருக்கும். பொதுவேலை எஞ்சினின் ஃபில்டர் பனித்தூளை இழுத்து, நனைந்து, உறைந்து, மூச்சடைத்துவிடும். கராஜில் நன்றாக ஓடியது புயலில் பத்து நிமிடத்தில் நிற்பதற்கு இதுவே காரணம்.

பழைய டெகம்சே எஞ்சின் மெஷின்கள் இன்னும் நிறையச் சுற்றுகின்றன. அந்த நிறுவனம் 2008 இல் எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. நன்றாகப் பராமரித்தது என்றால் ஒதுக்கவேண்டியதில்லை, ஆனால் விலை அதற்கேற்ப இருக்கவேண்டும். மொடல் எண் ஒட்டிய தகடு கிழித்தோ சுரண்டியோ இருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். உதிரிப்பாகம் தேட முடியாது. திருடிய மெஷினாகவும் இருக்கலாம்.

முகநூலில் வரும் புதுமெஷின் விளம்பரங்கள் வேறு ரகம். பெரிய புயலுக்குப் பிறகு, 2022 ஜனவரி 17 இல் கொட்டியது போல ஒன்று வந்தால், "கிடங்கு காலி செய்கிறோம், பற்றரி ஸ்னோ புளோவர் 89 டாலர்" என்று பெயர்பெற்ற கொம்பனியின் படத்தோடு வரும். 56 வோல்ட் மெஷினின் பற்றரி மட்டுமே அதைவிடப் பல மடங்கு விலை. காசு போகும், பொருள் வராது, அல்லது ஒரு பிளாஸ்டிக் சவள் வரும். இன்டராக் (வங்கிக் கணக்கிலிருந்து நேரே காசு அனுப்பும் முறை) மூலம் அனுப்பி, மற்றவர் எடுத்துக்கொண்ட காசைத் திருப்ப முடியாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறையிட இடமுண்டு.

அப்படியானால் எதை வாங்குவது? ரொறன்ரோவில் வருடத்துக்கு விழும் பனி ஏறத்தாழ 110 முதல் 120 சென்ரிமீற்றர். தார் போட்ட, இரண்டு கார் அகல டிரைவ்வேக்கு 21 அங்குல சிங்கிள் ஸ்டேஜ் (வாருவதும் எறிவதும் ஒரே துடுப்பு) மெஷின் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். அதில் கியர்பொக்ஸே இல்லை, ஏமாற்ற இடமும் குறைவு: ரப்பர் துடுப்பு, பெல்ட், கீழே உள்ள சுரண்டுபட்டை, எஞ்சின், அவ்வளவுதான். துடுப்பு தேய்ந்திருந்தால் புதிது வாங்கி வீட்டிலேயே மாற்றலாம். 20 சென்ரிமீற்றருக்கு மேலே போனால் திணறும். வாயிலில் உறைந்த வரம்பை ஒரேயடியாக எடுக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தவேண்டும். சரளைக்கல் டிரைவ்வேக்கு இது கூடவே கூடாது, ரப்பர் நிலத்தைத் தொட்டுச் சுரண்டுவதால் கல் பறக்கும்.

சரளைக்கல், நீண்ட டிரைவ்வே, அல்லது ரொறன்ரோவுக்கு வடக்கே பாரி நகரம் பக்கம் போல, ஏரிக்காற்றால் பனி கொட்டும் இடம் என்றால் டூ ஸ்டேஜ் வேண்டும். 24 அங்குலம், 208 சிசி நல்ல பொருத்தம். அதே 208 சிசி எஞ்சினோடு 28 அங்குல மெஷின் கொஞ்சம் கூடிய விலைக்கு வைத்திருப்பார்கள். வாய் அகன்றதே தவிர வலு கூடவில்லை. ஈரப்பனியில் முதலில் மூச்சு வாங்குவது அதுதான். புதிது எடுத்தாலும் கடையில் நிற்கும்போதே மொடல் எண்ணைத் தேடி, ஷியர் போல்ட்டும் பெல்ட்டும் ஃபிரிக்ஷன் டிஸ்க்கும் கனடாவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் தலையில் கட்டும் கூடுதல் வாறண்டி பெரும்பாலும் தேய்கிற பாகங்களையும் பழைய பெற்றோலால் வந்த பழுதையும் ஏற்காது. இந்த மெஷின்கள் கெடுவதோ பெரும்பாலும் அந்த இரண்டாலும்தான். அந்தக் காசுக்கு ஒரு பெட்டி ஷியர் போல்ட்டும், ஒரு பெல்ட்டும், பெற்றோலில் கலக்கும் ஸ்டெபிலைசரும் வாங்கி வைப்பது மேல்.

பாவித்த மெஷினை ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை தேடுங்கள். வீடு மாறுபவர்கள் கராஜைக் காலி செய்யும் காலம் அது. விலையும் குறைவு, நின்று சோதிக்க அவகாசமும் உண்டு.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. விற்றவரின் கணக்கைத் திறந்து பாருங்கள். ஒரே ஆள் பத்து, பதினைந்து மெஷின் விற்றிருந்தால் அவர் வீட்டுக்காரர் அல்ல, வியாபாரி. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் சொல்லி விற்ற வியாபாரியுடனான கொடுக்கல் வாங்கலை ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ரத்துச் செய்யக் கோரலாம். தனியார் விற்பனைக்கு அந்தச் சட்டம் உதவாது. சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம்தான் மிஞ்சும். எந்த வழியில் போனாலும் விளம்பரத்தின் படம், குறுஞ்செய்திகள், காசு கைமாறிய பதிவு மூன்றும் தேவைப்படும். ஆகவே வாங்கப் போகும் அன்றே விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள், "எஞ்சின், கியர்பொக்ஸ், சக்கர ஓட்டம் மூன்றும் பழுதில்லை" என்று விற்பவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தியும், மொடல் எண் எழுதிய ரசீதும் வாங்கிக்கொண்டு பிறகு காசைக் கொடுங்கள்.