சேலம் குவாரிகளுக்கு எந்த டிரில் ராடு: பட்டறை ராடா, ஒட்டுமுனை ராடா, கழற்று பிட்டா?

சேலத்தைச் சுற்றியுள்ள குவாரிகளில் பாறையைத் துளையிடும் ஜாக் ஹேமர் இயந்திரத்தை ஓட்டுவோருக்கு, அதில் மாட்டும் எஃகுக் கம்பியான டிரில் ராடுக்கு மூன்று வழிகள் உள்ளன. உடைந்த ராடை ஊர்ப் பட்டறையில் அடித்துச் சரிசெய்து மீண்டும் ஓட்டலாம். நுனியில் டங்ஸ்டன் கார்பைடு பற்றவைத்து வரும் 22 மில்லிமீட்டர் அறுகோண ராடைப் புதிதாக வாங்கலாம். அல்லது கூம்பு முனை ராடையும், அதில் செருகிக் கழற்றும் வெட்டுமுனையான பிட்டையும் தனித்தனியே வாங்கலாம். பெரும்பாலோர் விலையை வைத்தே முடிவெடுக்கின்றனர். ராடு எங்கே, எதனால் உடைகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

ராடின் உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஓர் ஓரத்தில் வழவழப்பான பிறை வடிவமும், அதன்மேல் மெல்லிய வளையக் கோடுகளும், எஞ்சிய பகுதியில் சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போன்ற சொரசொரப்பும் தெரியும். ஒரே அடியில் முறிந்த ராடு இப்படி இருக்காது. நிமிடத்துக்குச் சுமார் 2000 அடி வாங்கும் ராடில், ஒரு சிறு கீறலிலோ, ராடின் நீளவாக்கில் ஓடும் நடுத் துளையின் துருக்குழியிலோ தொடங்கிய விரிசல் மெல்ல வளர்ந்து, இனித் தாங்க முடியாத நிலையில் மீதியை ஒரேயடியாக முறித்திருக்கிறது. பெரும்பாலும் காலரை (இயந்திரத்துக்குள் நுழையும் பகுதியை அடுத்த தடித்த வளையத்தை) ஒட்டியோ பிட்டுக்குச் சற்றுப் பின்னாலோதான் இது நேர்கிறது.

பட்டறை வழியின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. புது ஷாங்க் (இயந்திரத்துக்குள் நுழையும் பின்முனை) அடிப்பதற்காக ஒரு முனையை மட்டும் உலையில் காய்ச்சும்போது, செந்தழலாகச் சிவந்த பகுதிக்கும் குளிர்ந்த பகுதிக்கும் இடையே, கெட்டிப்படாமலும் பழைய உறுதி இல்லாமலும் ஒரு மெலிந்த பட்டை உருவாகி, அடுத்த உடைவு அங்கேயே வந்து நிற்கிறது. கரிம எஃகைத் தோய்ச்சலுக்குச் சுமார் 780 டிகிரியில் எடுக்க வேண்டும். நண்பகல் வெளிச்சத்தில் சிவப்பு மங்கலாகத் தெரிவதால் கொல்லர் அதற்கு மேலும் காய்ச்சிவிடுவார். காந்தம் ஒட்டாமல் போவது ஏறக்குறைய 770 டிகிரியில் என்பதால், கண்ணைவிடக் காந்தமே நம்பகமான அளவுகோல். தண்ணீரில் தோய்த்தபின் மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்தாவிட்டால், அளவு மீறிக் கெட்டியான ஷாங்க், தன்னை அடிக்கும் இயந்திரத்தின் பிஸ்டனையே சிதைக்கும். பிஸ்டன் விலையோடு ஒப்பிட்டால் பட்டறைக் கூலியில் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. கடப்பாரைக்கும் கை உளிக்கும் பட்டறை போதும். ராடுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொழிற்சாலையில் செய்த ஒட்டுமுனை ராடின் பலம் அதன் தோலில் இருக்கிறது. குறைந்த கரிமமுள்ள கலப்பு எஃகைச் சுமார் 925 டிகிரியில் கரிம வாயுவில் வைத்துப் பதப்படுத்துகின்றனர். அப்போது உட்புறம் இளக்கமாகவே இருக்க, வெளித்தோலும் நடுத்துளைச் சுவரும் கெட்டியாகி அழுத்தநிலையில் நிற்கின்றன. அந்த அழுத்தம் விரிசலை வாய் திறக்க விடாது. ஆனால் தோலின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். சிக்கிய ராடைப் பக்கவாட்டில் சம்மட்டியால் அடித்து எடுப்பதும், அதன்மேல் வெல்டிங் பொறி விழ விடுவதும் இந்தப் பாதுகாப்பைக் கொன்றுவிடும். சேர்வராயன் அடிவாரத்துச் சார்னோகைட் போன்ற கெட்டிக் கருங்கல்லுக்கு, 0.8 மீட்டர் நீள ராடில் 34 மில்லிமீட்டர், 1.6 மீட்டர் நீள ராடில் 33 என நுனி விட்டம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் இத்தகைய ராடு வரிசையே என் தேர்வு. கல்லிலுள்ள குவார்ட்ஸ் தேய்க்கும் கார்பைடு நுனியை நேரத்துக்குச் சாணை பிடித்தாக வேண்டும்.

நகரின் வடமேற்கே சுண்ணாம்புக்கரடு எனப்படும் மேக்னசைட் நிலத்தில் நிலைமை வேறு. கடினமான டியூனைட் பாறையின் இடையிடையே மென்மையான வெள்ளை மேக்னசைட் கனிம நரம்புகள் ஓடுவதால், பிட் திடீரென மென்பக்கம் சாய்ந்து துளை வளைகிறது. ராடு வளைவைத் தாங்க நேரிடுகிறது. இங்கே கழற்று பிட்டுக்கே என் ஓட்டு. தேய்ந்த பிட்டை மட்டும் மாற்றிவிட்டு, ராடு களைப்படையும் வரை ஓட்டலாம். கூம்பில் மண் ஒட்டியிருந்தால் பிட் சரியாக அமராமல் அந்த இடத்திலேயே உடையும் என்பதால், மாட்டுமுன் துணியால் துடைக்கச் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையுச்சிப் பாக்சைட் இவற்றைவிட மென்மையானது. அங்கே இந்தத் தேர்வு அவ்வளவு முக்கியமில்லை.

எந்த ராடானாலும், ஜாக் ஹேமரில் ஷாங்கைப் பிடித்திருக்கும் உறையான சக் புஷ் தேய்ந்திருந்தால் ஒவ்வோர் அடியிலும் ஷாங்க் சாய்ந்து நிற்கும். எனவே காலரை ஒட்டித் தொடர்ந்து உடைகிற இடத்தில், ராடைக் குறை சொல்வதற்கு முன் புஷ்ஷை அளந்து பார்ப்பதே முறை.